கல்லறைக்கு ஒரு மூடி

எங்கள் கரையில் வீடு கட்டுவதைவிடக் கல்லறை கட்டுவதுதான் கஷ்டம். இடுப்பளவு தோண்டினால் உப்புத் தண்ணீர் ஊறி வரும். மேலே எந்நேரமும் கடல் காற்று.

என் கணவருக்கு வருஷப் பூசை முடிந்ததும் கல்லறை கட்ட மேசன் பாஸைக் கூப்பிட்டேன். கணவரின் சவப்பெட்டிக்கு மேல் என் பெட்டிக்கும் இடம் விட வேண்டும். அது நானும் அவரும் பேசி வைத்தது.

சேமக்காலையில் என் மாமியாரின் கல்லறை கடலில் உடைத்த முருகைக்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. ஒரு கீறல் இல்லை. பக்கத்தில் புதிதாகக் கட்டிய சீமெந்துக் கல்லறை பிளந்து, செங்காவி வழிந்து கிடக்கிறது.

“ஏன் பாஸ், பழசு நிக்குது, புதுசு பிளக்குது?”

“அதுக்குள்ள கம்பி இருக்கு அம்மா. உப்புப் பட்டாக் கறள் பிடிச்சு ஊதும். ஊதினாச் சீமெந்தைப் பிளக்கும்.”

“அப்ப கம்பி போடாதீங்க.”

“கம்பி இல்லாட்டி மூடி நடுவால முறியும்.”

“முருகைக்கல்?”

“இப்ப கடல்ல கல்லு உடைச்சாப் பொலிஸ் பிடிக்கும்.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கடைசியில் சுவருக்குச் செங்கல், மூடிக்கு ஒரே பலகையாகக் கருங்கல் என்று முடிவானது.

மணல் கழுவும்போது கதிரை போட்டு நான் பக்கத்திலேயே இருந்தேன். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தேன். கரித்தது.

“இன்னொருக்காக் கழுவுங்க.”

“அம்மா, இது கறிக்குப் போடுறதில்ல!”

“காலமெல்லாம் கருவாடு போட்டவள் நான். உப்பை எனக்குச் சொல்லித் தர வேணாம்.”

மூன்றாம் முறை கழுவிய பிறகுதான் விட்டேன்.

மூடி வைத்த அன்று கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், மூடியைச் சுற்றிச் சீமெந்து பூசியிருக்கிறது.

“இத்தாலியில இருந்து உங்கட மகன் போன் எடுத்தார் அம்மா. இடைவெளியால உப்புக் காத்துப் போனா உள்சுவர் அரிக்குமாம். இறுக்கிப் பூசச் சொன்னார்.”

“அப்ப நான் எதால போறது?”

“இப்பவே போகப் போறீங்களா?”

“எப்ப போனாலும் எனக்கு வழி வேணும்! பெட்டியை வெயில்ல வச்சிட்டுச் சீமெந்து உடைக்க ஒருத்தனும் நிக்க மாட்டான். லேசா இருக்கட்டும் எண்டு வேற குழிதான் வெட்டுவாங்க. காய முதல் சுரண்டுங்க.”

பாஸ் என் மகனுக்கு அழைப்பு எடுத்து என்னிடம் தந்தார்.

“உறுதியாக் கட்டணும் எண்டு நீங்கதானே அம்மா சொன்னீங்க?”

“ஓம், சொன்னேன்.”

“பிறகு ஏன் திறந்து விடச் சொல்றீங்க?”

நிலைக்கவும் வேண்டும், திறக்கவும் வேண்டும். இரண்டையும் கேட்டவள் நான்தான். போனைப் பாஸிடமே கொடுத்தேன். சீமெந்து காய்வதற்குள் கரண்டியை வாங்கி நானே சுரண்டத் தொடங்கினேன். பாஸ் சிரித்துக்கொண்டு மற்றப் பக்கத்தைச் சுரண்டினார். அந்த இடைவெளியில், வேண்டும்போது சுரண்டி எடுக்கிற மாதிரி வெறும் சுண்ணாம்பு வைத்தோம்.

போன கிழமை போய்ப் பார்த்தேன். காற்றுப் பக்கத்து மூலையில் சுண்ணாம்பு உதிர்ந்து, விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அடைக்கவா, விடவா என்று விளங்காமல் சுண்ணாம்பு வாளியோடு வெகுநேரம் நின்றேன். பிறகு அடைத்தேன், இறுக்கமில்லாமல்.