மிஸ்யே லூர்துநாதனும் எங்கள் குப்பத்துத் தலைக்கணக்கும்

செய்தியைக் கொண்டுவந்தவள் என் தங்கை செல்வி. கருவடிக்குப்பத்தில் மீன் விற்கப் போனவள், பாதி மீன் கூடையிலேயே இருக்க, நேராக நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்துக்கு வந்து நின்றாள். “அக்கா, உங்க மிஸ்யே பூட்டாராம். வூட்டு வாசல்ல சனமா நிக்குது” என்றாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் அழுவேனா என்று பார்த்திருப்பாள். எனக்கு அழுகை வரவில்லை. வகுப்பு இருந்தது, போய்விட்டேன்.

எங்களோடு பூகோள ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற லூர்துநாதனைப் பிரெஞ்சுக்காரன் காலத்துப் பழக்கத்தில் எல்லோரும் ஐயா என்பதற்குப் பதில் மிஸ்யே என்றுதான் கூப்பிடுவோம். அவர் நினைவாகப் பள்ளியில் ஒரு மலர் போடுகிறார்கள். “நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுங்க டீச்சர், கூட வேல பாத்தவங்க நீங்க” என்று தலைமையாசிரியர் கேட்டார். நாலு என்னிடம் இல்லை. ஒன்று இருக்கிறது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். மீதியை அவர் வெட்டினால் வெட்டிக்கொள்ளட்டும்.

புதுச்சேரி வரைபடத்தை மிஸ்யே எதையும் பார்க்காமல் கரும்பலகையில் போடுவார். நம் ஊர் எல்லை லேசுப்பட்ட எல்லை இல்லை. ஒரு தெரு நம்முடையது, அடுத்த தெரு தமிழ்நாடு. என் சொந்த ஊர் பிள்ளைச்சாவடிக்குப் பக்கத்தில் ஒரு மீனவர் குப்பம். நகரத்திலிருந்து அங்கே போக வேண்டுமானால் நடுவில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும். “கை தவறி விழுந்த தட்டு இது. துண்டு துண்டா பொறுக்கித்தான் படிக்கணும்” என்பார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே படித்தார்கள். அவரிடம் படித்த யாரும் எல்லையை மறந்ததில்லை. உங்களில் பலர் அவரை இந்த ஒன்றுக்காகவே கும்பிடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

எழுபதுகளின் நடுவில் அவருக்குப் புத்தகம் போடும் ஆசை பிடித்தது. நகரத்துக்கு வெளியே கொம்யூன் என்கிற பஞ்சாயத்துகளில் இருக்கிற கிராமங்களின் நிலம், வரலாறு, மக்கள்தொகை என்று எல்லாவற்றையும் எழுதப் போகிறேன் என்றார். விடுமுறை நாட்களில் சைக்கிளில் கிளம்பிவிடுவார். குடை, பூட்ஸ், தண்ணீர் பாட்டில் எல்லாம் உண்டு. “வரைபடத்துல இல்லாத ஊருக்கு பஸ் போவாது டீச்சர். நாந்தான் உங்க ஊரையெல்லாம் வரைபடத்துல ஏத்தணும்” என்று ஸ்டாஃப் ரூமில் என்னிடம் பெருமையடித்தார். எங்கள் குப்பத்துக்கு வரப்போகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னிடம் அந்த ஊரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவும் தோன்றவில்லை.

அவர் வந்தது, ஆண்கள் கட்டுமரமும் வலையுமாக வடக்கே கரையோரம் தங்கி மீன்பிடிக்கப் போயிருந்த மாதம். வீடு வீடாகப் போய் எத்தனை பேர் என்று கேட்டிருக்கிறார். எங்கள் ஊரில் கடலுக்குப் போனவர்களை எண்ணிச் சொல்ல மாட்டார்கள். கரைக்கு வந்த பிறகுதான் அந்தத் தலை கணக்கில் சேரும். எண்ணினால் ஒன்று குறைந்துவிடும் என்று பயம். கேட்பது சர்க்கார் ஆளாக இருந்தாலும் வீட்டில் இருப்பவர்களை மட்டும்தான் சொல்வார்கள். என் அம்மாவும், “நானும் ரெண்டு பொண்ணுங்களும்” என்றுதான் சொன்னாள். அப்பாவையும் அண்ணன்களையும் சொல்லவில்லை. மிஸ்யே அப்படியே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

புத்தகம் பச்சை அட்டை போட்டு வந்தது. எங்கள் ஊரைப் பற்றி என்ன போட்டிருக்கிறது என்று அம்மா ஆசையாகக் கேட்டாள். வாசித்தேன். சிறிய குப்பம். பெண்களே மிகுதி. ஆண்களில் பெரும்பாலோர் ஊரை விட்டுப் போய்விட்டனர். அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. “யார்றீ வுட்டுட்டுப் போனது? உங்கப்பன் வாசல்ல குந்திக்கினு வலை முடியறது அந்த ஆளுக்குத் தெரியாதா?” என்றாள்.

மறுநாளே மிஸ்யேவிடம் போனேன். எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். ஆண்கள் கரையில் இருக்கும்போது ஒரு நாள் வாருங்கள், நானே கூட வருகிறேன் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டேன். சிரித்தார். “உங்க அம்மா சொன்னதத்தான் எழுதினேன். உங்க ஜனங்க பொய் சொன்னா நானா பொறுப்பு? அச்சுல வந்தது வந்ததுதான்” என்றார். ஸ்டாஃப் ரூமே கேட்டுக்கொண்டிருந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் இருவர் இதைப் படிக்கிறவர்களிலும் இருக்கிறீர்கள்.

இதெல்லாம் வெறும் மானப் பிரச்சினையாக இருந்திருந்தால் என்றைக்கோ துடைத்துப் போட்டிருப்பேன். எங்கள் குப்பத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரைதான் இருந்தது. எட்டு வரைக்கும் வேண்டும் என்று ஊரே மனு கொடுத்திருந்தது. ஐந்து முடித்த பெண்களைப் பெரிய சாலையில் அடுத்த எல்லை தாண்டி நடந்து போக யாரும் விட மாட்டார்கள். நான் விடுதியில் தங்கிப் படித்தவள். ஒரு வீட்டுக்கு ஒரு பெண்ணைத்தான் அங்கே சேர்த்துக்கொண்டார்கள். செல்வி அந்த வருஷம் ஐந்தாவது முடித்தாள். என் பழைய கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “நானும் டீச்சரு, நானும் டீச்சரு” என்று வீட்டுக்குள் நடந்துகொண்டிருப்பாள்.

மனுவை விசாரிக்க வந்த அதிகாரி வெளியூர்க்காரர். ஊரில் போதுமான தலை இருந்தால்தான் எட்டு வரைக்கும் கொடுப்பார்கள். சர்க்கார் கணக்கில் எங்கள் குப்பம் பக்கத்து ஊரோடு சேர்ந்து கிடந்தது. தனியாகத் தொகை சொல்ல யாருமில்லை என்று மிஸ்யேவைக் கூப்பிட்டார்கள். என்னையும் ஊர்க்காரி என்று உட்கார வைத்திருந்தார்கள். அவர் எழுந்து பச்சைப் புத்தகத்தைப் பிரித்து வாசித்தார். “சார், அது ஆம்பளைங்க இல்லாத கணக்கு” என்று நான் எழுந்தேன். அதிகாரி மிஸ்யேவைப் பார்த்தார். நான் சொன்னது நிஜம் என்று மிஸ்யேவுக்குத் தெரியும். ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். கண்ணாடியைத் துடைத்தபடி, “புஸ்தகத்துல இருக்கறதுதான் சரி” என்றார். பள்ளிக்கூடம் வேறு ஊருக்குப் போனது. செல்வி அம்மாவின் கூடையை எடுத்துக்கொண்டாள். பிறகு எங்களுக்கும் பள்ளிக்கூடம் வந்தது. வந்தபோது அவளுக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

எண்பத்தொன்றில் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆசிரியர்களை அனுப்பினார்கள். எனக்குக் கருவடிக்குப்பத்தில் மிஸ்யே இருந்த தெரு வந்தது. நான் கேட்டு வாங்கவில்லை, ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. “அஞ்சு பேர்னு எழுதுங்க. நாங்க ரெண்டு பேர், பசங்க மூணு பேர்” என்றார். பையன்கள் மூவரும் பிரான்சுக்குப் போய்ப் பல வருஷமாகிவிட்டது. இங்கே குடியிருப்பவர்களைத்தான் எழுத வேண்டும் என்றேன். “வந்துடுவாங்க டீச்சர். அவங்க கட்டில்கூட அப்படியே இருக்கு, வந்து பாருங்க” என்று உள்ளே கூப்பிட்டார். பார்த்தேன். மூன்று கட்டில், மூன்றிலும் சலவை விரிப்பு. வெளியே வந்து இரண்டு என்று எழுதினேன். “மற்றவர்கள் ஊரை விட்டுப் போய்விட்டனர்” என்று வாய்விட்டுச் சொன்னேன். பச்சைப் புத்தகத்தில் எழுதிய தம்முடைய வாக்கியம் அவருக்குத் தெரியாதா? “மெர்சி, டீச்சர்” என்று பிரெஞ்சில் நன்றி மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினார். எனக்கு அதில் அன்றைக்கும் வருத்தமில்லை, இன்றைக்கும் இல்லை.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். பையன்கள் ஒருவரும் வந்து சேரவில்லை. சாயங்காலம் குப்பத்துக்குப் போனபோது அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அந்தாளு வூட்ல இப்ப எத்தினி பேரு?” என்றாள்.

“அந்தம்மா ஒருத்திதான்.”

“பசங்க?”

“கடலுக்கு அந்தாண்ட. அவங்களையும் சேத்து எண்ணுன்னுதான் அந்தாளு அன்னிக்கு எங்கிட்ட கெஞ்சுனாரு.”

அம்மா கையை நிறுத்தினாள். “கடலுக்கு அந்தாண்ட இருக்கறவங்கள எண்ணக் கூடாதுடி. நல்லபடியா கரைக்கு வரட்டும்” என்று சொல்லிவிட்டு, கடல் பக்கம் பார்த்து ஈரக்கையோடு கும்பிட்டாள். தன் புருஷனையும் பிள்ளைகளையும் கணக்கிலிருந்து தள்ளியவனின் பிள்ளைகளுக்காகக் கும்பிட்டாள்.

எனக்கு அந்த மனசு வராது. மிஸ்யே லூர்துநாதனிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது என் கோபம் ஒன்றுதான். நாளைக் காலையில் செல்வி கூடையைத் தூக்கிக்கொண்டு, அவர் வீட்டு வாசல் வழியாகத்தான் மீன் விற்கப் போவாள். அவள் அந்தக் கூடையை இறக்கி வைக்கிற வரைக்கும் நானும் இதை இறக்கி வைக்க மாட்டேன்.