மேளத்துக்குப் பின்னால் போன கதிரை

இதை எழுதுவதா விடுவதா என்று எத்தனையோ வருஷமாக யோசித்துக்கொண்டிருந்தேன். இரண்டு தரம் எழுதிக் கிழித்தும் போட்டேன். பயமில்லை, வெட்கம்தான். இப்போதும் எழுதாவிட்டால் இனி எழுதமாட்டேன்.

எண்பத்தாறாம் ஆண்டு. வடமராட்சிக் கடற்கரையில் ஓர் ஊர், அங்கே அம்மன் கோயில் தீர்த்தத் திருவிழா. அன்றைக்குச் சந்திக்குச் சந்தி மேடை. ஒவ்வொரு வீதிக்காரரும் போட்டிக்கு மேளக்காரரைப் பிடித்து வருவார்கள். வழமையில் விடிய விடிய நடக்கும். அந்த வருஷம் கடலில் நேவிப் படகு நின்றபடியால், இரவில் வெளிச்சம் கண்டால் சுடுவார்கள் என்று பயந்து, எல்லாவற்றையும் பகலிலேயே வைத்துவிட்டார்கள்.

நாங்கள் கோப்பாய். ஐந்தாம் வகுப்போடு நின்று தோட்டம் செய்கிறவன் நான். மனைவிக்கு அப்போது ஏழாம் மாதம். அதற்கு முதல் இரண்டு பிள்ளைகள் வயிற்றில் தங்கவில்லை. இது ஆறு மாதம் தாண்டினால் ஈர வேட்டியோடு கோயில் வெளிவீதி முழுக்க உருண்டு பிரதட்டை செய்கிறேன் என்று நேர்ந்திருந்தேன். வீட்டிலே நில்லும் என்று சொன்னேன். தானும் கும்பிட வேணும் என்று வெளிக்கிட்டு வந்துவிட்டாள்.

கோயிலடியில் கால் வைக்க இடமில்லை. அவளை அந்த நெரிசலுக்குள் கொண்டுபோகப் பயந்து, சந்தி மேடைக்குப் பக்கத்தில் நிழலாய் ஓரிடம் பார்த்து நிற்கவிட்டேன். மேடையில் சிவப்புக் கடுக்கன் போட்ட ஒருவர் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார். அவரைக் காட்டி, "உவரை விட்டு அங்காலை இங்காலை போகாதையும். நான் உவரைப் பாத்துத்தான் வருவன்" என்றேன். அவள் ஓம் என்றாள்.

எங்கள் ஊர்க் கோயிலில் மேளக்காரர் ஓரிடத்தில் இருந்தால் முடியும்வரை அங்கேதான். இந்த ஊர் வழக்கம் வேறு. ஒரு வீதிக்காரர் பிடித்த மேளத்தை மற்ற வீதிக்காரரும் கேட்கவேணும் என்று, ஒரு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் மேடை மாற்றி விடுவார்கள். அது எனக்குத் தெரியாது.

பிரதட்டைக்கு நின்ற வரிசை நீளம். எல்லாம் முடித்து, உடம்பெல்லாம் மண்ணோடு நான் திரும்பி வர, மேடையில் வேறு யாரோ வாசிக்கிறார்கள். அவளைக் காணவில்லை. பக்கத்தில் நின்றவர்களைக் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. கோயில் கிணற்றடிக்கு ஓடினேன். பஸ் நிற்கும் இடத்துக்கு ஓடினேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் லவுட்ஸ்பீக்கர். ஒரு மேடைத் தவில் ஓயமுன் அடுத்த மேடைத் தவில் காதில் விழும். என் நெஞ்சிடிப்பும் அதற்குள்தான். வயிற்றில் ஏதும் குத்து வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்களோ என்றும் நினைத்தேன். அந்த நேரம் பார்த்து, கடலில் படகு கிட்ட வருகுது என்று யாரோ சொல்ல, கடற்கரைப் பக்கம் நின்ற சனம் முழுக்க என் மேலே வந்து விழுந்தது. படகு வரவில்லை. ஆனால் அந்தத் தள்ளுமுள்ளுக்குள் அவள் விழுந்திருப்பாள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

கடைசியில் கடற்கரை வீதி மேடையடியில் கண்டேன். ஒரு கதிரையில் இருக்கிறாள். கையில் மோர்க் கிண்ணம். சுற்றிவர நாலைந்து மீன்பிடிக் குடும்பத்துப் பெண்கள்.

கண்டதும் அம்மாளாச்சி என்று கும்பிட்டிருக்க வேணும். நான் செய்தது வேறு. அத்தனை சனத்துக்கு முன்னால் அவளை ஏசினேன். சொல்வழி கேளாதவள் என்றேன். இதையும் நீர் கொல்லப் பாத்தனீர் என்றேன். அந்தச் சொல் என் வாயால் வந்தது. அவள் மேடையைக் கையால் காட்டினாள். அங்கே சிவப்புக் கடுக்கன்காரர் இருந்தார்.

அந்தப் பெண்களில் மூத்தவ என் முன்னால் வந்து நின்றா.

"தம்பி, உன்ரை வாயை மூடு. வீட்டை வந்து படு பிள்ளை எண்டு நாங்கள் எவ்வளவு கெஞ்சினனாங்கள். அவர் உவரைப் பாத்துத்தான் வருவாராம் எண்டு உவள் மேளத்துக்குப் பின்னாலை வெளிக்கிட்டிட்டாள். நாலு மேடை. நாங்களும் கதிரையைத் தூக்கிக்கொண்டு நாலு மேடைக்கும் வந்தம். படகு எண்டு சனம் ஓடேக்கை சுத்திவரக் கை கோத்து நிண்டம். நீ என்ன, பெண்சாதியை நாதஸ்வரக்காரருக்குத் தாரை வார்த்துப்போட்டே போனனீ?"

மற்றவர்கள் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. நான் மட்டும் நின்ற இடத்தில் குனிந்தபடி நின்றேன். பிறகு அந்தக் கதிரையைத் தூக்கிக்கொண்டுபோய் அவர்கள் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். அவர்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

மகள் சுகமாகப் பிறந்தாள். நேர்த்திக்கடனால் கிடைத்த பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் ஓம் என்று தலையாட்டினேன். ஆனால் எனக்குத் தெரியும், நான் மண்ணில் உருண்டுகொண்டிருந்த நேரம் கோயில் அம்மாள் அங்கே அந்தப் பெண்களோடுதான் நின்றிருப்பா. மனைவியிடம் நான் இன்றுவரை மன்னிப்புக் கேட்டதில்லை. இதை வாசித்துவிட்டு அவள் என்ன சொல்வாளோ தெரியாது.

வாசித்தவர்கள் யாருக்காவது இதைச் சொல்வதானால் சொல்லுங்கள். ஆனால் உள்ளபடி சொல்லுங்கள். அந்தப் பெண்களின் நல்ல மனதை மட்டும் சொல்லிப்போட்டு, நான் சொன்ன அந்தச் சொல்லை எனக்காக இரங்கி மறைத்துவிடாதீர்கள்.