அறுநூறு கிராம்

பயணப் பெட்டி அடுக்குவதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. கனடாவில், அஜக்ஸில் எங்கள் சொந்தக்காரர் யார் ஊருக்குப் புறப்பட்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். சப்பாத்துக்குள் சொக்லேட், அதற்கிடையில் மருந்துக் குளிசைப் பெட்டி என்று இண்டு இடுக்கு விடாமல் அடைப்பேன். விமானக்காரன் இருபத்திமூன்று கிலோ கொண்டுபோக விடுகிறான் என்றால் இருபத்திமூன்றும் போகவேண்டும். அரைக் கிலோ குறைந்தாலும் எனக்கு மனம் ஆறாது. அந்தப் புத்திதான் என் தம்பியைக் கவிழ்த்தது.

அவன் என்னைவிடப் பத்து வயது இளையவன், கலியாணம் கட்டாதவன். யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்கள் சித்தியைப் பார்க்கப் புறப்பட்டான். வழியில் விமானம் மாறும் நாட்டில் இரண்டு நாள் நின்று, பள்ளிக்கூடச் சிநேகிதன் ஒருவனைக் காண்பதாகத் திட்டம். அந்த நாட்டின் பெயரை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை. அங்கே சட்டமென்றால் சட்டம் என்று நாங்களே முன்பு புகழ்ந்திருக்கிறோம்.

அவன் குளித்துக்கொண்டிருந்தபோது பெட்டியைத் தராசில் கொழுவிப் பார்த்தேன். இன்னும் அறுநூறு கிராமுக்கு இடம் இருந்தது. விடுவேனா? என் முழங்கால் நோவுக்கு வாங்கிய கஞ்சா எண்ணெயில் இரண்டு போத்தல் உடைக்காமல் அலுமாரியில் கிடந்தது. இங்கே அது கோப்பிக்கடைக்குப் பக்கத்துக் கடையில் ரசீதோடு விற்கிற சாமான். சித்திக்கும் முழங்கால் நோ. இரண்டையும் காலுறைக்குள் சுற்றிச் செருகினேன். மிச்ச இடத்துக்கு ஒரு பை பாதாம்பருப்பு. தம்பி வந்ததும் சொல்ல நினைத்தேன். பாஸ்போட் எங்கே, சார்ஜர் எங்கே என்ற அமளியில் மறந்தே போனேன். கஞ்சாவை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக்கூடாது என்று விமான நிலையத்தில் எழுதிப் போட்டிருந்ததாம். நான் எதைப் படித்தேன்? தராசில் இருந்த இலக்கத்தைத்தான் படித்தேன்.

கவுண்டரில், பெட்டியை நீங்களேதான் அடுக்கினீர்களா என்று கேட்டார்கள். எங்கள் ஆட்களிடம் அதைக் கேட்பதே வீண். ஒரு குடும்பமே கூடியிருந்து அடுக்கும், கவுண்டரில் எல்லோரும் ஓம் என்போம். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு "யெஸ்" என்றான். நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள் காலை, அங்குள்ள கனடாத் தூதரகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். அந்த நாட்டு விமான நிலையத்தில் அவனைப் பிடித்துவிட்டார்கள். சிறைக்குப் போய்ப் பார்க்கலாம், வழக்கறிஞர்களின் பட்டியல் தரலாம், வெளியே எடுக்க முடியாது என்றாள். "இஞ்சை அது லீகல்தானே பிள்ளை?" என்று அவளுக்கு விளங்காத தமிழில் கத்தினேன்.

பட்டியலில் ஒரு தமிழ் வழக்கறிஞர் இருந்தார். "அளவு குறைவுதான், உயிருக்குப் பயமில்லை. ஆனா வருஷக்கணக்குல போகும்மா," என்றார். "பெட்டியில இருந்தா அது அவரோடதுன்னுதான் இங்க எடுத்துக்குவாங்க. இல்லைன்னு அவர்தான் நிரூபிக்கணும்."

"நான்தான் வைச்சனான். சத்தியக் கடதாசி எழுதித் தாறன்."

"எந்த அக்காதான் எழுதித் தரமாட்டாங்க? அதோட, நான்தான் வெச்சேன், எனக்குத் தெரியும்னு உங்க தம்பியே கையெழுத்துப் போட்டிருக்கார்."

நானே வாறன் என்றேன். வந்தால் என்னையும் பிடிப்பார்கள், அதற்காக அவனை விடவும் மாட்டார்கள் என்றார். வாங்கிய ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு குசினியில் அடுப்புக்கு முன்னால் இருந்தேன். செய்தவள் நான். சொல்கிறேன் என்றாலும் கேட்க ஆளில்லை. என் கன்னத்தில் நானே அறைந்துகொண்டேன், வேறு என்ன செய்வது?

தீர்ப்புக்கு முதல் நாள் அவனோடு பத்து நிமிடம் கதைக்க விட்டார்கள்.

"ஏன்டா கையெழுத்து வைச்சனி? அக்கா வைச்சது, எனக்குத் தெரியாது எண்டு சொல்லு!"

"சொன்னா உன்னைத் தேடுவாங்கள். உனக்கு ரெண்டு பிள்ளையள், அக்கா. எனக்கு ஆர் இருக்கினம்?"

"நான் இருக்கிறன்டா."

அவன் பேச்சை மாற்றி, "சித்தியின்ரை கால் இப்ப எப்பிடி?" என்று கேட்டான். சுகம் என்று பொய் சொன்னேன்.

அடுத்த நாள் ஏழு வருடம் என்றார்கள். ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று நீதிபதி கேட்டபோது, பெட்டியை நானேதான் அடுக்கினேன் என்று மட்டும் சொன்னானாம். என் தம்பிக்கு ஒரு சட்டையைக்கூட ஒழுங்காக மடிக்கத் தெரியாது.