லிந்துலையில் நான் அலங்கரித்த வீடு

இந்த நாட்டில் சமைக்காத அடுப்பு ஒன்று உண்டு என்றால் எங்கள் ஊர் முசிறியில் யாரும் நம்பமாட்டார்கள். கூடத்துச் சுவரிலேயே செங்கல் வைத்துக் கட்டி, கூரைக்கு மேலே புகை போக வழிவிட்டு, மாலையானால் விறகை அடுக்கிக் கொளுத்துகிறார்கள். அதில் சோறு வேகாது, குழம்பு கொதிக்காது. எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து உள்ளங்கையைக் காட்டிக்கொண்டிருப்பார்கள். சிமினி என்று பெயர். கல்யாணமாகி இலங்கை மலைநாட்டில் லிந்துலைக்கு வந்த புதிதில் ஒரு பங்களா ஜன்னல் வழியாக அதைப் பார்த்துவிட்டு, "யாருக்குங்க வெந்நீர் போடுறாங்க?" என்று என் கணவரிடம் கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் பாதை ஓரத்துத் தேயிலைச் செடிகளுக்குள் குனிந்து நின்ற பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

என் கணவர் இந்த மலையிலேயே பிறந்தவர். ஹட்டனில் படித்து, தோட்ட ஆபீஸில் சின்னக் கிளாக்கராக இருந்தார். கல்யாணத்துக்கு முசிறி வந்துபோன சில நாட்களைத் தவிர இந்தியாவைப் பார்த்ததில்லை. எனக்கோ காவிரி மணலின் சூடு காலில் இருந்து இறங்கியிருக்கவில்லை. இங்கே எங்களுக்குக் கொடுத்திருந்த குவாட்டர்ஸ் ஓர் அறையும் சமையல்கட்டும். சுவரில் எப்போதும் ஈரம். துவைத்த துணி மூன்றாம் நாளும் காயாது. ஆபீஸ் காகிதம், தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரையின் குரல், கடைத்தெருச் சிங்களம் எல்லாவற்றையும் எனக்குப் புரியவைப்பவர் அவர்தான். அவர் சொன்னதுதான் எனக்கு இந்த நாடு.

எங்கள் குவாட்டர்ஸுக்கு மேலே, சவுக்கு மரங்களுக்கு நடுவே, ஒரு சின்ன பங்களா பூட்டிக் கிடந்தது. துரையின் மனைவியாகப் புதிதாக வந்த துரைசாணி ஒருநாள் என்னைக் கூப்பிட்டனுப்பி அதைத் திறந்து காட்டினாள். நான் நன்றாகத் தைப்பேன் என்று என் கணவர் சொல்லியிருந்தாராம். துரைசாணிக்குத் தெரிந்த தமிழ் வேலைவாங்கும் தமிழ். "இது உன் வீடு போலே பாரு. நல்லா செய். லாட்ஜ்!" என்றாள். பிறகு ஆங்கிலத்தில், கூட வந்திருந்த என் கணவரிடம் நிறையப் பேசினாள். இறங்கி வரும்போது, "என்னங்க சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"நான் பெரிய கிளாக்கர் ஆனதும் நமக்குத்தான் தர்றாங்களாம். அதுக்குள்ள உன் இஷ்டப்படி ஜோடிச்சு வெச்சுக்கச் சொல்றாங்க" என்றார்.

"லாட்ஜுன்னாங்களே? திருச்சி ஜங்ஷன்ல வர்றவன் போறவன் தங்குற எடத்தையில்ல லாட்ஜும்பாங்க?"

"இங்கிலீஷ்ல மலைவீட்டுக்கு அதான் பேரு" என்றார். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

அந்த மழைக்காலம் முழுவதும் நான் மேலேயே கிடந்தேன். துரைசாணி தடித்த சிவப்புக் கட்டம்போட்ட துணி வரவழைத்துக் கொடுத்தாள். எட்டு ஜன்னலுக்கும் திரை தைத்தேன். பிரம்பு நாற்காலிகளுக்கு மெத்தை தைத்துப் பஞ்சடைத்தேன். பிடுங்கிப்போட்ட கிழட்டுத் தேயிலைத் தூர்களைத் தச்சர் இழைத்து எண்ணெய் பூசிக் கொடுத்தார். முறுக்கிக்கொண்ட அந்த வேர்களின் மேல் பலகை வைத்து மேசையாக்கினோம். சிமினிக்கு முன்னால் விரிக்க, துரைசாணி கேட்டது மழைக்குத் தோட்டத்தில் கொடுக்கும் கறுப்புக் கம்பளியை. எனக்கு ஒத்தாசைக்கு வந்த கொழுந்து பறிக்கும் மாரியாயி அதைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"முதுகுல போடுறதத் தரையில போட்டு மிதிக்கிறதாம்மா?"

"மெத்துன்னு இருக்கும், மாரியாயி."

"இருக்கும், இருக்கும்" என்று சொல்லிவிட்டு, அவள் கம்பளியைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தாள். கடைசிவரை அதில் கால் வைக்கவில்லை.

ஒரே ஒரு இடத்தில்தான் எனக்கும் துரைசாணிக்கும் இடித்தது. சிமினிக்கு மேல் இருந்த நீளப் பலகையில் முருகன் படத்தையும் விளக்கையும் வைத்தேன். மறுநாள் வந்தவள் படத்தை இரண்டு கையாலும் மரியாதையாக எடுத்து என்னிடம் கொடுத்துவிட்டு, அங்கே மரைமான் கொம்பை மாட்டச் செய்தாள். எனக்கு அழுகை வந்தது. அன்று மாலை என் கணவர், "புகைபட்டுப் படம் கறுத்துடும்னு சொன்னாங்க. உன் நல்லதுக்குத்தான்" என்றார். துரைசாணிக்கு எங்கள் சாமிமேல் இவ்வளவு அக்கறையா என்று நெகிழ்ந்துபோனேன். செத்த மிருகத்தின் கொம்பைக்கூட அதற்குப் பிறகு அன்றாடம் துடைத்து வைத்தேன்.

வேலை முடிந்தது. குடிபோவது எப்போது என்று என் கணவரிடம் கேட்டால், மார்கழி கழியட்டும் என்றார். தை பிறந்ததும், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் ஆள் குறைவு, ஆபீஸில் தலைக்கு மேல் வேலை என்றார். சாமான் தூக்கத்தான் அவர் வேண்டும், பால் காய்ச்ச நான் போதாதா என்று தோன்றியது. மாரியாயியிடம் மட்டும் சொல்லிவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை காலை தலைக்குக் குளித்து, புதுப் பானையும் பாலும் எடுத்துக்கொண்டு ஏறினேன். வாசல் கூட்டிக் கோலம் போட்டேன். சமையலறை அடுப்பைப் பற்றவைத்துப் பாலை ஏற்றினேன். பொங்கி வழிந்தபோது கையெடுத்துக் கும்பிட்டேன். அப்போதுதான் கார் சத்தம் கேட்டது.

துரைசாணியோடு ஒரு வெள்ளைக்காரரும் அவர் மனைவியும் இறங்கினார்கள். அந்த வெள்ளைக்காரர் கையில் நீளமான தூண்டில்கள். டிரைவர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு நேரே படுக்கையறைக்குப் போனான். என் வீட்டுப் படுக்கையறை அவனுக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே, அந்த அம்மாள் தன் நனைந்த கோட்டைக் கழற்றி என் கையில் போட்டாள். துரைசாணி கோலத்தைப் பார்த்தாள், அடுப்படியில் பாலைப் பார்த்தாள், முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "வெரி குட்! கெஸ்ட் வாறது, கோலம் போட்டது. பால் ரெடி! டீ போடு" என்றாள்.

அவள் பொல்லாதவளில்லை. நான் விருந்தாளிகளை வரவேற்கத்தான் இதெல்லாம் செய்தேன் என்று மனப்பூர்வமாக நம்பினாள். "இது எங்க வீடு" என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தத் தமிழை யார் அவளுக்குப் புரியவைப்பது? புரியவைக்க வேண்டியவர் ஆபீஸில் இருந்தார். என் கிரகப்பிரவேசப் பாலை நானே டீயில் ஊற்றிக் கலந்து, நான் தைத்த மெத்தையில் சாய்ந்திருந்தவர்களுக்கு நீட்டினேன். அந்த அம்மாள் கம்பளியில் வெறுங்காலைத் தேய்த்துக்கொண்டு, "கோஸி, கோஸி" என்றாள். என்ன அர்த்தம் என்று இன்றுவரை நான் யாரிடமும் கேட்கவில்லை.

காலிப் பானையோடு இறங்கி வந்தபோது, மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மாரியாயி உரக்கக் கேட்டாள்:

"பால் பொங்குச்சாம்மா?"

"பொங்குச்சு" என்றேன்.

மத்தியானம் சாப்பிட வந்தவர் என் முகத்தைப் பார்த்ததுமே செருப்பைக் கழற்றாமல் நின்றார்.

"உங்களுக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் நமக்குன்னு சொன்னீங்க?"

"பிரஜாவுரிமை விசாரணை வருது. தொரை ஒரு வார்த்தை நல்லபடியா சொன்னாத்தான் நாம இங்க இருக்கலாம். தொரசாணி மனசு குளிரணும்ல?" தரையைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார். "நமக்குன்னு சொல்லலைன்னா நீ இவ்வளவு மனசு வெச்சு செஞ்சிருப்பியா?"

"கேட்டிருந்தா செஞ்சிருப்பேனே. அடுத்தவங்க வீடுன்னு தெரிஞ்சே செஞ்சிருப்பேன். முருகன் படத்த அவங்க எடுத்தப்பக்கூட என்கிட்ட ஒரு பொய்யா?"

அவர் சாப்பிடாமலே ஆபீஸுக்குத் திரும்பினார். நானும் கூப்பிடவில்லை. துரைசாணி செய்ததை வேற்று மொழிக்காரி செய்தது என்று தள்ளிவிட முடிந்தது. இவர் என் மொழியில் அல்லவா பொய் சொன்னார்? அதற்குப் பிறகு கடையில் சிங்களத்தில் விலை சொன்னால், அவர் சொல்லும்வரை காத்திருக்காமல் நானே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டேன். துரைசாணி அடுத்த வருஷம் திரை மாற்றக் கூப்பிட்டபோது, "நோ, மேடம்" என்று நானே சொன்னேன். பக்கத்தில் நின்றவரை மொழிபெயர்க்க விடவில்லை.

துரை நல்ல வார்த்தை சொன்னாரோ இல்லையோ, எங்கள் மனு தள்ளுபடியானது. துரையும் துரைசாணியும் சீமைக்குப் போய்விட்டார்கள். எங்களுக்கு இரண்டு பெண்கள் பிறந்தார்கள், தலவாக்கலையில் படிக்கிறார்கள். இப்போது எங்களை யார் வைத்துக்கொள்வது என்று இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் செய்திருக்கின்றன. தொழிலாளர் லயத்திலும் குவாட்டர்ஸிலும் இதே பேச்சுதான், யார் போவது, யார் இருப்பது என்று. இந்தியாவில் பிறந்த நான் போவதில் வியப்பில்லை. இந்த மலையைத் தவிர வேறு எதையும் அறியாத அவரும் என்னோடு அங்கே 'திரும்பி'ப் போகவேண்டுமாம்.

போன ஞாயிற்றுக்கிழமை, நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது என் எதிரில் வந்து குந்தினார்.

"உங்க ஊர்ல நமக்கு ஒரு எடம் கெடைக்குமா? உங்க அண்ணன் வீட்டுல ஒரு ரூம்பாவது தருவாங்கல்ல?"

அவர் கண்ணில் இருந்ததை எனக்கு நன்றாகத் தெரியும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நான் அவரைப் பார்த்த பார்வை அது. அங்கே போனால் நான் சொல்வதுதான் அவருக்கு ஊர். தருவாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டிருப்பார்.

"தரமாட்டாங்க. பாகம் பிரிச்சு, எடுத்துக் கட்டி, அவங்க புள்ளைகளுக்கே பத்தல. போனா நாமளே தேடிக்கணும்" என்றேன்.

"சரி" என்றார். முறத்திலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்துவிட்டு, "வெயில் ரொம்ப அடிக்குமோ?" என்று கேட்டார்.

"அடிக்கும்."

வெளியே பனிமூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. கதவைச் சாத்த எழுந்தவர், சாத்தாமல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நானும் முறத்தை வைத்துவிட்டுப் போய் அவர் பக்கத்தில் நின்றேன். எதிர்மலை கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. அவர் தன் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவருடைய ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.