குண்டானுக்குள் போன தலை

கதைக்காரிக்கு வேலை பல் ஆஸ்பத்திரியில். டோக்கன் கொடுப்பாள், பெயரைச் சொல்லிக் கூப்பிடுவாள், ஊசியைக் கண்டு அலறும் பிள்ளைகளை உட்காரவைத்துக் கதை அளப்பாள். அளந்து அளந்து அது புத்தகமாகி, இப்போது ஓர் அலமாரி நிறைய நிற்கிறது. "கற்பனையா? எனக்கா? எல்லாம் எங்க வீட்டு போட்டோ பண்ற வேலை" என்பாள்.

அது நிஜம்தான். வீட்டுப் பழைய படங்களையெல்லாம் ஒரு தலையணை உறைக்குள் போட்டுக் கட்டி வைத்திருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு கையை விடுவாள். எது வருகிறதோ அதுதான் அடுத்த கதை. மாமா கல்யாணப் படத்தின் மூலையில் எட்டிப் பார்த்த பூனை, திருடன் பிடிக்கும் பூனையானது அப்படித்தான். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அந்த நிஜப் படத்தையும் போட்டு, யார் என்றும் எழுதிவிடுவாள். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்பாளா? ஊஹூம்! கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களே!

இந்தத் தடவை கையில் வந்தது குண்டான் படம். கவுன் போட்ட குட்டிப் பெண் ஒருத்தி, தலை மட்டும் கழுத்துவரை அலுமினியக் குண்டானுக்குள், முகமே தெரியவில்லை. ஓரத்தில் யாருடைய கையோ அதைப் பிடித்து இழுக்கிறது. வீட்டில் பேர்போன சங்கதி இது, மாட்டிக்கொண்டது அக்கா. கதைக்காரி சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டே எழுதி முடித்தாள். கடைசிப் பக்கத்தில், 'இது என் அக்கா. இப்போது தலைமையாசிரியை' என்று கொழுப்பெடுத்துப் போய் ஒரு வரி வேறு.

பதிப்பாளர் இருக்கிறாரே, மகா சுறுசுறுப்பு. அச்சாகி வந்த முதல் புத்தகக் கட்டை நேராக அக்காவின் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிவிட்டார்.

காலையில் போன் வந்தது. "உடனே ஸ்கூலுக்கு வா." டொக். அவ்வளவுதான்.

புத்தகம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று கதைக்காரிக்குப் புரிந்தது. அக்கா நடந்து வந்தால் வராந்தாவே மூச்சை அடக்கிக்கொள்ளும். அப்படிப்பட்டவளைப் பிள்ளைகள் இனி குண்டான் டீச்சர் என்றல்லவா கூப்பிடும்? அம்மா அப்பா போனபின் தனக்கென்று இருப்பது இந்த ஒருத்திதான். அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? ஒரு காலில் வீட்டுச் செருப்பு, மறு காலில் ஆபீஸ் செருப்போடு பஸ் பிடித்து ஓடினாள்.

உள்ளே நுழையும்போதே வகுப்புகளில் சிரிப்பு வெடித்தது. போச்சு, மானம் போச்சு!

அக்கா மேசைமேல் கடைசிப் பக்கத்தை விரித்து வைத்திருந்தாள்.

"அக்கா, தெரியாம பண்ணிட்டேன். எல்லாத்தையும் திரும்ப வாங்கிடச் சொல்றேன். என்னைத் திட்டு, ஆனா பேசாம மட்டும் இருந்துடாதே."

"வாயை மூடு. இந்தக் கையைப் பாரு." அக்கா படத்தின் ஓரத்தைத் தொட்டாள். குண்டானை இழுக்கும் கையில் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. பக்கத்தில் தன் கையை வைத்தாள். அதே வளைசல்.

கதைக்காரி படத்தைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். "அப்போ உள்ள இருக்கிறது?"

"நீதாண்டி, மக்கு! உனக்கு அப்போ மூணு வயசு. எல்லாரும் சிரிக்கச் சிரிக்க நீ ஓயாம அழுதே, சோறு இறங்கல. அதான், மாட்டினது நீ இல்ல, நான்னு சொன்னேன். உடனே கெக்கெக்கேன்னு சிரிச்சே பாரு! வீட்ல எல்லாரும் அப்படியே சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. அப்புறம் மாத்த மனசு வரல."

கதைக்காரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அழுகையும் கூடவே வந்தது. இத்தனை வருஷமாக எத்தனை விருந்தில், எத்தனை பேர் நடுவில் அக்காவைக் கேலி செய்திருப்பாள்! ஒரு தடவைகூட அவள் மறுத்துப் பேசியதில்லையே.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு எழுந்தாள். "நான் போய்ப் பிள்ளைங்க கிட்ட சொல்லிடறேன், அது நான்தான்னு. உன்னை யாரும் கிண்டல் பண்ணக் கூடாது."

"உட்காரு. அதுக்கெல்லாம் நேரம் போச்சு."

"ஏன்?"

"காலைல பிரேயர்லயே மைக் பிடிச்சு, அது நான்தான்னு சொல்லிட்டேன்."