குளிர் அறையில் ஓர் இரும்புப் பெட்டி

என் கணவரைப் பொறுத்தவரை பத்திரமான இடம் என்றால் அது நிலத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். அவர் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் இருந்த நேரத்தைவிடப் ஷெல்லுக்குப் பயந்து பங்கர்க் குழிக்குள் குந்தியிருந்த நேரம் அதிகம் என்று அவரே சொல்லுவார். மொன்றியலில் நாங்கள் வீடு பார்க்கப் போனபோது நான் குசினியைப் பார்த்தேன், மகள் தன் அறையைப் பார்த்தாள், இவர் நேரே பேஸ்மென்டுக்கு இறங்கினார். முன்வாசல் படிக்கட்டுக்குக் கீழே, நாலு பக்கமும் கொங்கிறீற்றால் கட்டிய ஒரு சின்னக் குளிர் அறை இருந்தது. உள்ளே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இஞ்சேருமப்பா, இதுக்குள்ள நாலு பேர் தாராளமா இருக்கலாம்" என்று கூப்பிட்டார். வீடு காட்ட வந்த பெண்மணி, உருளைக்கிழங்கும் வெங்காயமும் வைக்கிற இடம் அது என்று விளக்கினாள். அந்த வீட்டைத்தான் வாங்கினோம்.

பிறகு அந்த அறையை நிரப்புவதே அவருக்குப் பொழுதுபோக்கானது. புவாண்ட்-கிளேரில் பண்டகசாலை வேலை முடிந்து வரும் வழியில் ஏதாவது ஒன்றை வாங்கி வருவார். அரிசி, பருப்பு, மீன் ரின், தண்ணீர்ப் போத்தல், பற்றரி றேடியோ, மண்ணெண்ணெய் விளக்கு, காய்ச்சல் குளிசை. மெழுகுதிரியையும் நெருப்புப் பெட்டியையும் பொலித்தீனில் சுற்றி, வாயை நூலால் கட்டி அடுக்குவார். ஆண்டுகள் போயின. ஒரு ஷெல்லும் விழவில்லை. அவருக்கு அது உள்ளூர ஒரு குறையாகவே இருந்திருக்கும் என்று நான் நக்கலடிப்பேன். "சிரியும், சிரியும். வரேக்க தெரியும்" என்பார். அரிசியில் வண்டு விழுந்தால் அதை நாங்கள் சாப்பிட்டு முடித்தோம். அவர் புது மூட்டை வாங்கி வைத்தார்.

ஒரு வசந்தத்தில், அவசர காலத்துக்கு வீட்டை எப்படித் தயார்படுத்துவது என்று ஒரு துண்டுப் பிரசுரம் தபாலில் வந்தது. எல்லாம் பிரெஞ்சில். மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னோம். மூன்று நாளைக்குச் சாப்பாடும் தண்ணீரும் என்று அவள் வாசித்தபோது இவர் சிரித்தார். எங்களிடம் மூன்று மாதத்துக்கு இருந்தது. கழிவுநீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வைச் சோதித்துப் பாருங்கள் என்றிருந்தது. முக்கியமான பத்திரங்களைத் தண்ணீர் புகாத பையில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள் என்றும் இருந்தது.

"உயரத்திலயோ? உவங்கட வீட்டில எப்பவாவது ஷெல் விழுந்திருக்கே? வீடு எரிஞ்சா முதல் போறது மேல்மாடிதான்" என்றார்.

"அப்பா, இது தண்ணி பற்றித்தான் சொல்லுது" என்றாள் மகள்.

"தண்ணி என்னம்மா செய்யும்? நெருப்புத்தான் ஒண்டையும் மிச்சம் விடாது."

நான் துண்டுப் பிரசுரத்தை வாங்கி மடித்து வைத்தேன். நான் பேசியிருக்க வேண்டிய இடம் அதுதான். ஏனென்றால் அந்த அறைக்குள் என் அண்ணன் இருந்தார்.

அண்ணன் என்றால் அவருடைய கடதாசிகள். மட்டக்களப்பில் எங்கள் வீட்டு வாசலில் வைத்து அண்ணனை ஆமிக்காரர் பிடித்துக்கொண்டு போனபோது எனக்குப் பதினொரு வயது. அம்மா முகாம் வாசலில் போய் நின்றார். அப்படி ஒரு ஆளை நாங்கள் கொண்டுவரவே இல்லை என்றார்கள். அடுத்த நாளும் அதையே சொன்னார்கள். ஒரு மாதம் கழித்து, அந்த முகாமுக்குப் பேக்கரிப் பாண் கொண்டுபோகிறவர் எங்கள் வீட்டு வேலியோரம் சைக்கிளை நிறுத்தி, ஒரு சிகரெட் பெட்டி மட்டையை அம்மாவின் கையில் திணித்துவிட்டுப் போனார். பிரித்து விரித்த மட்டையின் உட்பக்கத்தில் அண்ணனின் கையெழுத்தில் சில வரிகள். கீழே அவர் பெயர், தேதி. கொண்டுவரவே இல்லை என்று சொன்னவர்களைப் பொய்யர்கள் என்று காட்ட உலகத்தில் எங்களிடம் இருந்தது அந்த மட்டை ஒன்றுதான். அண்ணன் திரும்பி வரவில்லை.

அம்மாவும் அக்காவும் அதை ஒரு பால்மாத் தகர ரின்னில் போட்டு வைத்தார்கள். பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, விசாரணைக்குப் போன ரசீதுகள், அண்ணனின் ஒரேயொரு சின்னப் படம், எல்லாம் அதற்குள். எனக்கு இருபது வயதானதும் கனடா மாப்பிள்ளை பேசி என்னை அனுப்பிவிட்டார்கள். அக்கா கல்யாணம் கட்டவில்லை. எங்கள் ஊரில் மாரி வந்தால் முற்றத்தில் தோணி விடலாம். ஒவ்வொரு மாரிக்கும் அக்கா அந்த ரின்னைப் பொலித்தீனில் கட்டிக் கூரை வளையில் தொங்கவிடுவாள். சுனாமியன்று உடுத்த சேலையோடு, ரின்னை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினாள். வீட்டில் ஒரு கரண்டிகூட மிஞ்சவில்லை. ரின் மிஞ்சியது.

அம்மா செத்த முப்பத்தோராம் நாளுக்கு நான் ஊருக்குப் போனேன். ஐந்து வருடம் இருக்கும். கூரை வளையில் தொங்கிய ரின்னைப் பார்த்ததும் எனக்கு ஒரு கெட்டித்தனம் வந்தது. கனடாவில் இருந்து போகிற எல்லாருக்கும் வருகிற கெட்டித்தனம்தான் அது. இங்கே இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது, நாங்கள்தான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்வோம் என்ற நினைப்பு.

"இதை என்னட்டத் தா அக்கா. அங்க வெள்ளமும் வராது, ஆமியும் வராது. கனடாகா அது" என்றேன்.

அக்கா மூன்று நாள் மறுத்தாள். "எனக்கு இது கையுக்க இருக்கோணும் புள்ள" என்றாள். நான் விடவில்லை. உனக்கும் வயது போகுது, நீ விழுந்து கிடந்தால் இதை யார் பார்ப்பது என்று கேட்டேன். அது பொல்லாத கேள்வி என்று கேட்கும்போதே எனக்குத் தெரியும். ரின்னை வெறுமையாக்கி, உள்ளே இருந்ததை எல்லாம் என் கைப்பையில் வைத்தாள். போனில் படம் மட்டும் எடுக்காதே, விமான நிலையத்தில் போனைப் பார்ப்பார்கள் என்று சொல்லித்தான் அனுப்பினாள். அது நியாயமான பயம். ஆனால் மொன்றியலில் யார் என் போனைப் பார்க்கப் போகிறார்கள்? வந்த பிறகு எடுக்கலாம், பிறகு எடுக்கலாம் என்று இருந்துவிட்டேன். நான் வேலை செய்யும் குழந்தைகள் காப்பகத்துப் பிள்ளைகளின் கைவேலைகளைப் படம் எடுத்தேன். கேக்குகளைப் படம் எடுத்தேன். என் அண்ணனின் மட்டையைப் படம் எடுக்க அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடம் எனக்கு ஐந்து வருடமாகக் கிடைக்கவில்லை.

கணவர் தன் பங்குக்கு ஓர் இரும்புப் பெட்டி வாங்கினார். வீடே எரிந்தாலும் உள்ளே உள்ள கடதாசி கருகாது என்று கடையில் சொன்னார்களாம். கடதாசிகளை அதற்குள் வைத்துப் பூட்டி, குளிர் அறையின் தரையில், மூலையில், எந்தச் சுவர் விழுந்தாலும் நசுங்காத இடத்தில் வைத்தார். "இனி உம்மட அண்ணனுக்கு ஒண்டும் நடக்காது" என்றார். மனுஷன் அதை அன்போடுதான் சொன்னார். அதனால்தான் அவரோடு சண்டை பிடிக்கவும் எனக்கு இன்றைக்கு வழியில்லை.

போன கோடையில் ஒரு பின்னேரம் மழை பிடித்தது. இரண்டு மணித்தியால மழைதான். நான் வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தபோது நாற்றம் முகத்தில் அடித்தது. பேஸ்மென்ட் தரையில் தண்ணீர் போகவென்று இருக்கும் ஓட்டை வழியாகத் தெருக் கழிவெல்லாம் மேலே வந்திருந்தது. படியில் நின்று பார்த்தால், கறுத்த தண்ணீரில் அரிசிப் பையும் பிஸ்கட் பெட்டிகளும் ஆடிக்கொண்டிருந்தன. கணவர் வந்து சப்பாத்தோடு இறங்கினார். "பெட்டி இருக்கு. அசையேல்ல" என்று கீழே இருந்து கத்தினார். நெருப்புக்கே தாக்குப்பிடிக்கிற பெட்டி, தண்ணீர் என்ன செய்யப்போகிறது என்று இருவருமே நம்பினோம். அதைத் தூக்கி வந்து பின்கதவடியில் வைத்துவிட்டு, ஊறிய பலகைச் சுவரை உடைப்பதிலும் கம்பளத்தைக் கிழித்துத் தெருவில் போடுவதிலும் மூன்று நாள் போனது. பொலித்தீன் பைகளை மகள் அவிழ்த்துப் பார்த்தாள். மெழுகுதிரிகளும் நெருப்புப் பெட்டிகளும் காய்ந்தபடி இருந்தன.

மூன்றாம் நாள் அக்கா போன் எடுத்தாள். குரலில் ஒரு பரபரப்பு. காணாமல் போனவர்களின் கோவைகளை, அந்தப் பழைய ஃபைல்களை, அரசாங்கத்தில் திரும்பப் பார்க்கிறார்களாம். அண்ணனுடைய கோவையும் வந்திருக்கிறதாம். பிரதி வேண்டாம், அசல் வேண்டும் என்று கடிதம் அனுப்பியிருக்கிறார்கள்.

"மட்டையை உடன அனுப்பு புள்ள. வாறவங்க ஆரிட்டயாவது குடுத்துவிடு. மறுகா அனுப்புறன் எண்டு மட்டும் சொல்லாத."

போனைக் காதில் வைத்தபடியே நான் பெட்டியடிக்குப் போனேன். பிறகு எடுக்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டு, கணவரைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னேன். மூடியைத் தூக்கியதும் தண்ணீர் வழிந்து எங்கள் கால்களில் ஊற்றியது. வீடு முழுவதும் வற்றி மூன்று நாளாகியும் அந்தப் பெட்டி மட்டும் குடம் மாதிரித் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தது. ரசீதுகள் ஒரு கட்டியாக ஒட்டியிருந்தன. படத்தில் முகம் இருந்த இடம் வெள்ளையாக உரிந்து வந்தது. மட்டையைக் கையில் எடுத்தேன். தோசை மாவு போல விரல்களுக்கு இடையில் பிரிந்து விழுந்தது.

கணவர் அப்படியே தரையில் குந்திவிட்டார். "நெருப்பெண்டுதானே நினைச்சனான்" என்றார். எத்தனை தரம் சொன்னார் என்று தெரியாது. போதும் நிறுத்துங்கள் என்று நான் கத்தினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக அவர் மீது எனக்கு வெறுப்பு வந்தது. அவரைவிட என் மீது கூடுதலாக வந்தது. கூரையில் தொங்கிய ஒரு பழைய ரின்னைத் தூக்கி வந்து, உலகத்திலேயே பாதுகாப்பான நாட்டில், பீத்தண்ணீரில் ஊறப்போட்டவள் நான். அண்ணனைக் கொண்டுபோனவர்கள் முப்பது வருடமாகத் தேடியிருந்தாலும் அந்த மட்டையைக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். அவர்களுடைய வேலையை நான் முடித்துக் கொடுத்தேன்.

இரண்டு நாள் அக்காவின் அழைப்பை எடுக்கவில்லை. மூன்றாம் நாள் காலை நானே அழைத்துச் சொன்னேன். மழை, பெட்டி, தண்ணீர் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, ஏசவில்லை.

"எழுத்து ஒண்டும் தெரியல்லையா?"

"இல்ல அக்கா."

அந்தப் பக்கம் அவள் கதிரையை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"அதுல என்ன எழுதியிருந்த எண்டு சொல்லு பாப்பம்" என்றாள்.

"அம்மா, நான் உயிரோட இருக்கன்" என்று தொடங்கினேன். அம்மா அழும்போதெல்லாம் சொல்லி அழுத வரி அது. பிள்ளையாக இருந்தபோது அந்த மட்டையை என் கையில் தந்ததில்லை. வளர்ந்த பிறகு என் கையில் இருந்தது, நான் பிரித்து வாசித்ததில்லை.

"மறுகா?" என்றாள் அக்கா.

எனக்கு அந்த ஒரு வரிதான் தெரியும். மிச்சத்தையும் சேர்த்து அவளே, சின்ன வகுப்பில் பாடம் ஒப்புவிப்பது போல, தடக்காமல் சொன்னாள்.

"அம்மா, நான் உயிரோட இருக்கன். மதிலுக்குப் பின்னால உள்ள ஸ்டோருக்குள்ள வெச்சிருக்காங்க. எனக்காக இஞ்ச வந்து நிக்க வேணாம். தங்கச்சிய மட்டும் இந்த ஊருல வெச்சிருக்காதீங்க, எப்படியாவது வெளிநாட்டுக்கு அனுப்பிருங்க."



"அவன் எழுதினபடியாலதான் புள்ள உன்ன அனுப்பின" என்று சொல்லிவிட்டு அக்கா போனை வைத்தாள்.