வலது பக்கம் மங்குகிறது

தைப்பூசத்துக்கு மறுநாள், ஈப்போவுக்குப் பக்கத்தில் செமோர் வீட்டில், ரெக்கார்டு பிளேயரின் கையை முதல் தடவை கழற்றினேன். நான் வேலை செய்த ரப்பர் தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைக்கு மாறி, துரை பங்களாவைக் காலி செய்தபோது எனக்குக் கிடைத்த பெட்டி அது. சில வாரங்களாக வலது ஸ்பீக்கரில் பாட்டு மங்கிக்கொண்டே வந்தது. ஊசியைத் தாங்கும் அந்தக் கைக்குள் தலைமுடி போல நான்கு கம்பிகள் ஓடுகின்றன. சிவப்பும் பச்சையும் வலதுக்கு, வெள்ளையும் நீலமும் இடதுக்கு. பழைய கம்பி, எங்கோ இற்றுப்போயிருக்கும் என்று முடிவு செய்தேன்.

பழைய கம்பிகளின் நுனியில் தையல் நூலைக் கட்டி மறுமுனையிலிருந்து இழுத்தால், கம்பி வெளியே வரும், நூல் உள்ளே போகும். பிறகு அந்த நூலில் புதுக்கம்பியைக் கட்டித் திருப்பி இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் அறுந்துவிடும். இரண்டு நாள் ஆனது. மீட்டர் வைத்துப் பார்த்ததில் நான்கும் சரி. பாட்டைப் போட்டேன். வலது பக்கம் முன்னைவிட மங்கல்.

அடுத்த வியாழன், ஊசியின் பின்முனைகளில் கம்பிகளை இடம் மாற்றிச் செருகினேன். பழுது ஊசியில் இருந்தால் மங்கல் இடதுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. சனிக்கிழமை ஆம்பிளிஃபயரில் மாற்றினேன். ஞாயிறன்று ஸ்பீக்கர்களையே மாற்றி வைத்தேன். எதை மாற்றினாலும் மங்கல் வலது பக்கத்தை விட்டு நகரவில்லை. ஒவ்வொன்றையும் தேதியோடு குறிப்பேட்டில் எழுதினேன். மறுபடியும் கையைக் கழற்றினேன்.

"பாட்டு கேக்க வச்சிருக்கீங்களா, அறுத்துப் பாக்க வச்சிருக்கீங்களா?" என்றாள் மனைவி.

தெலுக் இந்தானிலிருந்து வந்திருந்த அவள் தம்பி நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார்.

"மச்சான், ரெண்டு பக்கமும் நல்லாத்தான் பாடுது லா. ஒங்களுக்குப் பொழுது போகல."

லோரி ஓட்டி ஓட்டி அவர் காது கெட்டிருக்கும் என்று அன்றைய பக்கத்தில் எழுதி வைத்தேன்.

அதற்கடுத்த செவ்வாய், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு சின்னத் திருகாணி கீழே விழுந்தது. ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டிக் குனிந்து தேடினேன். வலது ஸ்பீக்கர் தெளிவாகப் பாடியது. இடது மங்கியது. நிமிர்ந்து திரும்பினேன். வலது மங்கியது. மூன்று முறை அப்படித் திரும்பித் திரும்பி நின்று பார்த்தேன். பிறகு பெட்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"பொங்கலுக்கு முன்னாலேருந்தே அந்தப் பக்கம் நின்னு கூப்ட்டா நீங்க திரும்புறதில்ல. எம்மேல ஏதோ கோவமாக்கும்னு இருந்துட்டேன்."

ஈப்போவில் காது பார்த்த டாக்டர் சின்ன வயதுத் தமிழ்ப் பெண். காதில் கருவி மாட்டி, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார். வலது காதின் முறை வந்ததும், ஆரம்பிக்கக் காத்திருந்தேன். அது முடிந்துவிட்டது என்றார்.

காரணம் எனக்குத் தெரியும் என்று டாக்டரிடம் சொன்னேன். தோட்டத்து ஃபேக்டரியில் ரப்பர் ஷீட் போடும் உருளைகளுக்குப் பக்கத்திலேயே பதினோரு வருஷம் நின்றிருக்கிறேன். அவர் கடைசிவரை கேட்டுக்கொண்டார்.

"மெஷின் சத்தம்னா பொதுவா ரெண்டு காதும் சேந்துதான் போகும், அங்கள். ஒங்க இடது காது வயசுக்கு நல்லாவே இருக்கு. அதான் எனக்குப் பிடிக்கல. தலைய ஸ்கேன் பண்ணிப் பாத்துரலாம்."

"உள்ள ஏதாவது வளருதா?"

"நரம்புல ஏதாவது இருக்கான்னு பாக்கணும். பாக்காம நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

ஸ்கேன் வருகிற திங்கட்கிழமை. அதுவரை நானே காலையில் பரிசோதித்துக்கொள்கிறேன். காதருகே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துத் தேய்ப்பேன். வலதில் ஒன்றும் இல்லை. இடதில், காய்ந்த இலை உரசுவதுபோல உடனே கேட்கும். நேற்றுவரை அப்படித்தான்.

இன்று காலை இடதில் முதல் தடவை கேட்கவில்லை. விரல் ஈரமாக இருக்கும் என்று துண்டில் துடைத்துவிட்டுத் தேய்த்தேன். மூன்றாவது தடவைதான் கேட்டது. மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை.